வாகனத் தரிப்பிடத் திருப்பணி நிறைவு அறிக்கை

ஆலய பரிபாலன சபை அங்கத்தவர்களுக்கும் உபயகாரர்களுக்கும் வணக்கம்.

தெற்கு வீதியில் இரண்டு தளங்களாக அமைந்த வாகனத் தரிப்பிடம் கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்னர் திறக்கப்பட்டது. தேரன்று வீதியில் ஒரு வாகனமும் நிற்கவில்லை. அத்திவாரம், தூண்கள், சுவர், மின்விளக்கு, மழைநீர் வடிகால் யாவும் ஒப்பந்தப்படி முடிந்தன.

மேல்தளத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. "மருந்து ஊற்றி அவசரமாக எழுப்பிய தளம் எத்தனை நாள் நிற்கும்?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். அதற்குச் செலவான பணத்தைப் பற்றியும் கேட்டார்கள். கேட்டது நியாயம்.

வாடகைக்குக் கிடைத்த பலகையும் முட்டுகளும் தளத்தின் பாதிக்கே போதுமாக இருந்தன. வழமையான கலவை என்றால் முதற்பாதியின் முட்டுகளைக் கழற்ற 21 நாள் காத்திருந்து, மற்றப் பாதிக்கும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும். கொடியேற்ற நாளை மாற்ற முடியாது. ஆகவே விரைவாகப் பலம் பெறும் கலவையைப் பொறியியலாளர் பரிந்துரைத்தார். அதில் சேரும் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற திரவம் சீமெந்துத் துகள்களைத் திரளவிடாமல் விலக்கி வைக்கும். குறைந்த தண்ணீரிலேயே கலவை இளகி ஓடும். தண்ணீர் குறைந்தால் கொங்கிறீட் நெருக்கமாக இறுகி, முதல் நாட்களிலேயே பலம் ஏறும். கூடவே சேரும் முடுக்கி, சீமெந்தும் தண்ணீரும் வினைபுரிவதைத் துரிதப்படுத்தும்.

தகராறு அந்த முடுக்கியில் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் இறக்கிய பீப்பாய்களில் இருந்தது கல்சியம் குளோரைட்டு. மலிவானது, வேகமாகவும் வேலை செய்யும். ஆனால் கம்பி கட்டிய தளத்துக்கு அது ஆகாது. சீமெந்தின் காரத்தன்மையால் கம்பியைச் சுற்றி உண்டாகும் காப்புப் படலத்தைக் குளோரைட்டு உடைத்துவிடும். பிறகு கம்பி துருப்பிடித்துப் பருக்கும். கொங்கிறீட் வெடித்து உதிரும். உவர்க் கிணற்று நீரிலும் கழுவாத கடல் மணலிலும் கட்டிய வீடுகளின் விறாந்தை முகடுகளில் கம்பி வெளியே தெரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உப்புக் காற்று வீசும் இந்த மண்ணில் நாமே உப்பை விலை கொடுத்து வாங்கிக் கம்பியோடு சேர்ப்பதா?

பீப்பாய்களைத் திருப்பி அனுப்பி, கல்சியம் நைத்திரேற்றில் அமைந்த, குளோரைட்டு அற்ற முடுக்கியைக் கேட்டோம். அது கொழும்பிலிருந்து வர வேண்டும், விலையும் கூட. ஒப்பந்தக்காரர் ஒன்பது நாள் வேலையை நிறுத்தினார். "எனக்குக் கட்டடம் படிப்பிக்க வேண்டாம்" என்று வீதியில் நின்று சத்தமிட்டார். எம்மவரில் சிலரும் அவருக்காகப் பேசினார்கள். பொருளாளர் அந்த நாட்களில் சரியாக உறங்கவில்லை. கடைசியில் மேலதிகச் செலவில் பாதியை ஒப்பந்தக்காரரும் பாதியைச் சபையும் ஏற்றோம். சபை கொடுத்த அந்தப் பணத்தை வீண்செலவு என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

எமது பக்கத்திலும் ஒரு பிழை நடந்தது. முதற்பாதி வார்ப்பின்போது, அதிகம் ஊற்றினால் விரைவில் இறுகும் என்று எண்ணி எமது தொண்டர்கள் பிளாஸ்டிசைசரை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டார்கள். அளவு மிஞ்சினால் அது இறுகுவதைத் தாமதப்படுத்தும். மறுநாட் காலையில் ஒரு மூலையில் விரல் பதிந்தது. அன்று பட்ட பயத்தை மறக்க முடியாது. அந்த மூலை ஒரு நாள் பிந்தி இறுகியது. பலத்தில் குறை இல்லை என்று பொறியியலாளர் சோதித்து உறுதிசெய்தார். இரண்டாம் பாதிக்குப் பீப்பாயைப் பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்தோம்.

சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சி மேற்பரப்பை வெடிக்கச் செய்யும் என்பதால் விடியுமுன் வார்த்து, சாக்கு விரித்து நனைத்தோம். இரவிலும் தண்ணீர் தெளித்த அயல் வீட்டுத் தாய்மாருக்கு எந்த நன்றியும் போதாது. அதே கலவையில் வார்த்து, தளத்தின் அருகிலேயே வைத்து நனைத்த 150 மில்லிமீற்றர் கனசதுரக் கட்டிகளை நசுக்கிப் பார்த்து, போதிய பலம் தெரிந்த பின்னரே, நடுவில் சில முட்டுகளை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றினோம். 28ஆம் நாள் சோதனையில் இரு பாதிகளும் சதுர மில்லிமீற்றருக்கு 30 நியூட்டனைத் தாண்டின.

கம்பி முழுவதும் கனடா வாழ் எம்மூர் குடும்பங்களின் உபயம். சீமெந்து இரண்டாம், ஏழாம், பதினோராம் திருவிழா உபயகாரர்களுடையது. வன்னியிலிருந்து கருங்கல் ஏற்றிய லொறிக் கூலியைச் சந்தை வியாபாரிகள் தந்தார்கள். மின்விளக்கு லண்டன் இளைஞர்களுடையது. சாப்பாடு மாதர் சங்கத்தினது. ஓய்வூதியத்தில் மாதந்தோறும் மீதம்பிடித்துத் தந்த ஆசிரியை அம்மாவின் பெயரும் கல்லில் இருக்கிறது. அவர் வேண்டாம் என்றார், நாம் கேட்கவில்லை.

ஒப்பந்தக்காரரின் இறுதிப் பணத்தில் ஒரு பகுதியை அடுத்த மாரி முடியும் வரை சபை தடுத்து வைத்திருக்கிறது. கட்டிகளின் சோதனை அறிக்கைகளும் பற்றுச்சீட்டுகளும் காரியாலயத்தில் உள்ளன. மாலைப் பூசைக்குப் பின் எவரும் பார்வையிடலாம். மேல்தளம் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மட்டுமே கணக்கிடப்பட்டது. பஸ், லொறி, தண்ணீர் பவுசர் எதையும் அதில் ஏற்ற வேண்டாம்.

செயலாளர்,
திருப்பணிச் சபை