ஆளுக்கொரு முழக்கோலால் அளந்த குளிர்காலங்கள்

உலக வானிலை அமைப்புக்கும், குளிர்கால அழுத்தக் குறியீடுகளைக் கணித்து வெளியிடும் ஆய்வு மையங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வட அட்லாண்டிக் அலைவு, அதாவது அந்தக் கடலின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாட்டின் ஏற்ற இறக்கம், வலுத்துக்கொண்டே போகிறது என்று 1990களில் பரவலாகப் பேசப்பட்டது. அந்த வேறுபாட்டை ஒரே எண்ணாகச் சொல்லும் குளிர்காலக் குறியீடு 1960களில் தாழ்ந்து கிடந்தது, அது முப்பது ஆண்டுகளில் உச்சிக்கு ஏறியிருந்தது. புவி சூடாவதன் விளைவே இது என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. பிறகு 1995-96 குளிர்காலத்தில் ஒரு சரிவு, 2009-10இல் அதைவிட ஆழமான இன்னொன்று. இப்போது, தெளிவான நெடுங்காலப் போக்கு எதுவும் தெரியவில்லை என்ற இடத்துக்கு வந்து நிற்கிறோம். காற்று அப்படித்தான், அதன்மேல் எனக்குப் புகார் இல்லை. அளக்கும் முறையும் கூடவே மாறிக்கொண்டிருக்க, எந்த மாற்றம் காற்றினுடையது, எந்த மாற்றம் அளவுகோலினுடையது என்று பிரித்தறிய வழியில்லாமல் நீங்கள் எண்களை வெளியிடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அடிப்படை எளிமையானது. போர்ச்சுகலுக்கு மேற்கே அசோர்ஸ் தீவுகளை ஒட்டி உயரழுத்தம், ஐஸ்லாந்தை ஒட்டித் தாழ்வழுத்தம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு குளிர்காலத்தில்தான் மிகப் பெரியது. அது கூடினால் புயல்கள் வட ஐரோப்பாவுக்குப் போகும், குறைந்தால் மழை மத்தியதரைக் கடல் பக்கம் இறங்கும். டென்மார்க்கில் கடுங்குளிர் என்றால் கிரீன்லாந்தில் இதமான குளிர்காலம், அங்கே கடுமை என்றால் இங்கே இதம் என்பதை 1770களிலேயே ஹான்ஸ் எகெடெ சாபியே என்ற மதப்பணியாளர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1920களில் பிரிட்டிஷ் வானிலையாளர் கில்பர்ட் வாக்கர், இந்தியப் பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் வழியைத் தேடப் போய், உலகின் அழுத்தப் பதிவுகளையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டு இந்த அலைவுக்குப் பெயரும் வைத்தார். கணிப்பொறி இல்லாத காலம் அது. அவர் எந்த நிலையங்களை எடுத்தார், எவ்வளவு எடை கொடுத்தார் என்பதை இன்றும் அவர் கட்டுரைகளில் படித்துச் சரிபார்க்கலாம்.

இன்று? வட அட்லாண்டிக் அலைவு என்ற ஒரே பெயரில் உலவும் எண்களைப் பாருங்கள். அமெரிக்கக் காலநிலை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹரல் 1995இல் வெளியிட்ட தொடர் லிஸ்பனையும் ஐஸ்லாந்தையும் கொண்டு 1864இலிருந்து தொடங்குகிறது. ஜோன்ஸ் குழுவினர் 1997இல் தந்த தொடர் ஜிப்ரால்டரையும் ரெய்க்யாவிக்கையும் பிடித்துக்கொண்டு 1821 வரை பின்னே போகிறது. அமெரிக்கக் காலநிலைக் கணிப்பு மையமோ தரையழுத்தத்தையே தொடுவதில்லை. காற்றழுத்தம் 500 ஹெக்டோபாஸ்கலாக (இது அழுத்தத்தின் அலகு) இருக்கும் உயரத்தை எடுத்து, 1950 முதல் 2000 வரையிலான ஆண்டுகளை அடிப்படையாக வைத்து அலைவின் வடிவத்தைப் பிரித்தெடுக்கிறது. வட துருவத்தைச் சுற்றிய அழுத்த மாற்றத்தைச் சொல்லும் அதே மையத்தின் ஆர்க்டிக் அலைவுக்கு வேறு உயரம், வேறு அடிப்படைக் காலம். ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாசகன் கைக்கு வரும்போது எல்லாமே வரைபடத்தில் சிவப்பும் நீலமுமான பட்டைகள்தான்.

பழைய பதிவுகளுக்குப் போனால் சிக்கல் இன்னும் நுண்மையானது. 19ஆம் நூற்றாண்டின் அழுத்தம் என்பது கண்ணாடிக் குழாயில் நின்ற பாதரசத்தின் உயரம். பாதரசம் சூட்டில் விரியும். கருவி இருந்த அறை 10 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறியிருந்தால், அளவு சுமார் 1.6 ஹெக்டோபாஸ்கல் ஏறிக் காட்டும். கருவியை எட்டு மீட்டர் மேலே ஏற்றி வைத்தால் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஈர்ப்பு விசையும் இடத்துக்கு இடம் வேறு. துருவத்தை நெருங்கினால் ஈர்ப்பு கூடும், பாதரசம் தாழ்ந்து நிற்கும். அதனால் ஐஸ்லாந்தில் ஏறக்குறைய 1.7 ஹெக்டோபாஸ்கலைக் கூட்ட வேண்டும், லிஸ்பனில் அரை ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று மேல் கழிக்க வேண்டும். ஒரு தொடரில் இந்த ஈர்ப்புத் திருத்தம் நடுவில் ஏதோவோர் ஆண்டில்தான் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டோடு ஐஸ்லாந்து, லிஸ்பன் ஆகிய இரு முனைகளின் வேறுபாடு 2 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் சுருங்கியதுபோலத் தெரியும். காற்றில் எதுவுமே நடந்திருக்காது. குளிர்காலச் சராசரி வேறுபாடே 20 ஹெக்டோபாஸ்கல் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது ஒதுக்கித் தள்ளும் பிழையல்ல. தேர்ந்தவர்கள் இவற்றைத் திருத்தியிருப்பார்கள் என்று நம்புகிறேன். எந்த நிலையத்தில், எந்த ஆண்டிலிருந்து, எவ்வளவு என்பதுதான் குறியீட்டுக் கோப்பில் இல்லை. ஆண்டு ஒரு நிரல், எண் ஒரு நிரல், அவ்வளவே.

அந்த எண்ணும் ஹெக்டோபாஸ்கலில் இருப்பதில்லை. ஒவ்வொரு நிலையத்தின் விலகலையும் அதன் திட்டவிலக்கத்தால், அதாவது அது வழக்கமாக ஏறி இறங்கும் அளவால், வகுத்துவிடுகிறீர்கள். ஐஸ்லாந்தின் அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்குவது, தெற்கே லிஸ்பன் அதைவிட நிதானமானது. வகுத்தபின் இரண்டும் சமம் ஆகிவிடுகின்றன. ஏற்றத்துக்குக் காரணம் வடமுனையா தென்முனையா என்று கேட்டால் பதில் சொல்ல எண்ணில் எதுவும் மிச்சமில்லை. போதாக்குறைக்கு, 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அலைவின் மையங்களே கிழக்கு நோக்கி நகர்ந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிலையம் நகராது. மையம் விலகினாலும் அழுத்தம் மாறினாலும் அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

பழைய பதிவுகளைக் கணினி மாதிரியில் இட்டு அன்றைய வானிலையை மீட்டெடுக்கும் மறுபகுப்பாய்வுகள் இதையெல்லாம் தீர்த்துவிட்டன என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுதான். அமெரிக்காவின் பழைய மறுபகுப்பாய்வு ஒன்றில் தென் அரைக்கோளத்துக்கான ஒரு வகை அழுத்தத் தரவு 1979 முதல் 1992 வரை 180 பாகை தள்ளி, உலகின் மறுபக்கத்தில் உள்ளிடப்பட்டிருந்தது. அதை வெளிப்படையாக அறிவித்தார்கள், அதனால்தான் என்னால் இங்கே எழுத முடிகிறது. இருபதாம் நூற்றாண்டு மறுபகுப்பாய்வின் மூன்றாம் பதிப்பு 1836 வரை பின்னே போகிறது, ஒரே வானிலைக்கு 80 சாத்தியங்களைத் தருகிறது. பதிவுகள் அரிதான தொடக்க ஆண்டுகளில் அந்த எண்பதும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். அந்த விலகலே ஒரு செய்தி. சராசரியை மட்டும் எடுத்து ஒற்றைக் கோடாக வரையும்போது அந்தச் செய்தியைத்தான் அழிக்கிறீர்கள்.

குளிர்காலத்தில் சைபீரியாவின்மேல் உருவாகும் உயரழுத்தத்தை அளப்பது இதைவிடக் கடினம். 1968 டிசம்பர் 31 அன்று அங்குள்ள அகாத்தாவில் பதிவான, 1083 ஹெக்டோபாஸ்கலைத் தாண்டிய அழுத்தம் எல்லோரும் சொல்லும் சாதனை. மங்கோலியாவின் தோசோன்ட்செங்கலில் 2001இல் அதைவிடக் கூடுதலாகப் பதிவானபோதும், அந்த ஊர் மிக உயரத்தில் இருப்பதால் அதைத் தனிப் பட்டியலில் வைத்தீர்கள். சரியான முடிவு. உறைபனிக் காலத்தில் உயரமான நிலத்தின் அழுத்தத்தைக் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்டு இறக்குவது பாதி ஊகம். சாதனைப் பட்டியலில் காட்டிய அந்தக் கறாரை, போக்கைச் சொல்லும் வரைபடங்களிலும் எதிர்பார்க்கிறேன்.

எனவே கேட்கிறேன். ஒவ்வொரு குறியீட்டோடும் இரு முனைகளின் அழுத்தத்தைத் தனித்தனியாக, வகுக்காமல், ஹெக்டோபாஸ்கலில் வெளியிடுங்கள். அடிப்படைக் காலத்தை மாற்றினால் பழைய பதிப்பை நீக்காதீர்கள், தேதியிட்டு வைத்திருங்கள். போக்கு என்று ஒன்றைச் சொல்லும்போது தொடக்க ஆண்டைப் பத்தாண்டு முன்னும் பின்னும் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதை அருகிலேயே காட்டுங்கள். 1965இல் தொடங்கி 1995இல் நிறுத்தினால் செங்குத்தாக ஏறும் கோடு, 1900இலிருந்து இன்றுவரை இழுத்தால் பெரும்பாலும் படுத்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் குறியீடு உயர்ந்தே இருந்தது அல்லவா? கப்பல் பதிவேடுகளிலிருந்து அழுத்த அளவுகளைத் தட்டச்சு செய்துவரும் தன்னார்வலர்களுக்கு நிதியும் கொடுங்கள். புதிய கணினி மாதிரிகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

டிசம்பர் முதல் மார்ச் வரையிலான அடுத்த சராசரியை வெளியிடும்போதே முதல் கோரிக்கையை நிறைவேற்றிவிடலாம். இரண்டு கூடுதல் நிரல்கள்தான்.

இப்படிக்கு,
உங்கள் தரவுகளை நம்பி எழுதும் ஒருவன்