பிள்ளைகளை ஏற்றும் படகுக்காரத் தம்பிமாருக்கு

திருகோணமலையின் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் குடும்பங்களை வெளிக்கடலுக்கு மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் தம்பிமாருக்கு,

போன ஆவணி விடுமுறையில் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு உங்களில் ஒருவரின் படகில் ஏறினேன். யாருடையது என்று சொல்லப் போவதில்லை, சண்டை பிடிக்க எழுதவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கோணேசர் மலை கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்த நேரத்தில் மகனின் தூண்டிலில் ஒரு சூரை கொளுவியது. ஏழு வயதுப் பொடியன், "அம்மா, இது என்னை இழுக்குது" என்று கத்தினான். பின்னால் நின்று அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். தம்பி நூலைத் தன் கையில் வாங்காமல், "விட்டுப் பிடி, விட்டுப் பிடி" என்று சொல்லிக் கொடுத்து அவனையே ஏற்ற வைத்தார். அந்தப் பொறுமைக்கு இப்போதும் நன்றி. என் அப்பாவும் கடல் தொழில்தான். ஆனால் பெண்பிள்ளை என்று என்னை ஒருநாளும் வள்ளத்தில் ஏற்றியதில்லை. அன்று மகள் ஒரு பாரை பிடித்தாள். அது எனக்கு வேறு கணக்கு.

பத்து மணிபோல என்ஜின் நின்றது. பெற்றோல் வடிகட்டியில் அழுக்கு. கழற்றித் துடைத்துப் பூட்ட இருபது நிமிடம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கரையிலிருந்து எங்களை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. உங்களுக்குத் தெரியாததா? கச்சான் காலத்தில் கரையோரம் குளம் மாதிரிக் கிடக்கும், வெளியே போகப் போகத்தான் அலை ஏறும். நங்கூரம் போடலாமே என்றேன். தம்பி சிரித்தார். நம் ஊரில் கொஞ்சத் தூரத்திலேயே கடலடி பள்ளத்தாக்காக இறங்குகிறது. திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருவதும் அந்த ஆழத்தால்தான். அங்கே எந்தக் கயிறு நிலம் தொடும்?

அப்போதுதான் மகனைப் பார்த்தேன். பெரியவர்களின் லைஃப் ஜக்கெட். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஜக்கெட் மட்டும் வந்தது, அவன் முகம் உள்ளே போய்விட்டது. தண்ணீரில் விழுந்தாலும் அதுதான் நடக்கும். "நாடாவை இறுக்கிக் கட்டினால் சரி அக்கா" என்றார் தம்பி. சரியில்லை, தம்பி. சின்னப் பிள்ளைக்கு அதன் நிறைக்கு ஏற்ற ஜக்கெட் வேண்டும், கால்களுக்கு நடுவே போகும் நாடாவோடு. ஏற்றும்போதே ஜக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நாடி வரைக்கும் ஏறினால் அந்தப் பிள்ளைக்கு அது உதவாது.

ஒரு பயணத்துக்கு நீங்கள் வாங்கும் காசு குறைவில்லை. அதில் சின்ன ஜக்கெட் மூன்று நான்கு வாங்கி வைக்கலாம். அப்புறம், கைத்தொலைபேசியை மட்டும் நம்பாதீர்கள், வெளியே சிக்னல் போய்விடும். படகிலிருந்து பேசும் விஎச்எஃப் வானொலி ஒன்று இருந்தால் 16ஆம் அலைவரிசையில் உதவிக்குக் கூப்பிடலாம். அதுவும் முடியாவிட்டால் இரண்டு படகு சேர்ந்து போங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். என் அப்பா, அம்மாவிடம் சொல்லாமல் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை.

மகன் அடுத்த ஆவணிக்கும் போகவேண்டும் என்று இப்போதே நச்சரிக்கிறான். அவன் நிறை 22 கிலோ. அந்த அளவு ஜக்கெட் யாரிடம் இருக்கிறது என்று முதலில் கரையில் வந்து கேட்பேன்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா