சேனைக்குத் தேன் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சளிக்குக் கற்பூரவல்லிச் சாறும் தேனும் கொடுக்கலாம் என்று தங்கள் இதழில் வந்த கைவைத்தியக் குறிப்பை வாசித்தேன். நல்ல மருந்துதான். நானும் இலையைத் தணலில் வாட்டி, துவண்டதும் உள்ளங்கையில் கசக்கிப் பிழிந்து, சில சொட்டுத் தேன் விட்டுப் பேரனுக்குக் கொடுக்கிறேன். அவனுக்கு 6 வயது.

ஆனால் 1 வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய, போட்டுலிசம் என்னும் நஞ்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், மெலிந்த அழுகுரல், பால் குடிக்கத் திணறல் என்று தொடங்கி மூச்சையே முடக்கிவிடலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. பிறந்ததும் குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுச் சேனை வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த முறை வயதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

- ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், திருவையாறு