மோஸ்லே அனுப்பப்படவில்லை, போனார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லே பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பாடநூலில் ஒற்றை வரியில் வந்துபோகிற மனிதருக்கு நீங்கள் இரண்டு பக்கம் ஒதுக்கியதில் மகிழ்ச்சி. ஆனால் அவர் 'கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டு, கலிப்போலிக்கு அனுப்பப்பட்டார்' என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. (கலிப்போலி, முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை துருக்கியரோடு மோதிய களம்.) பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்ததே 1916-இல்தான். மோஸ்லே படையில் சேர்ந்தது 1914-இல். இறந்தது 1915 ஆகஸ்ட் 10 அன்று. இல்லாத சட்டம் அவரை எப்படி இழுத்துக்கொண்டு போயிருக்க முடியும்?

நடந்தது இதுதான். 1914-இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. அதற்காகத் தாயுடன் கிளம்பிப் போனார் மோஸ்லே. (தாயாரும் லேசுப்பட்டவர் அல்ல. 1913-இல் பிரிட்டனின் பெண்கள் சதுரங்க சாம்பியன்.) அந்தப் பயணத்தின்போதே முதல் உலகப் போர் மூண்டுவிட்டது. ஊர் திரும்பியதும் ராயல் இன்ஜினியர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்தார். வீட்டாரும் நண்பர்களும் தடுத்துப் பார்த்தார்கள். கடமை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆய்வகத்திலேயே இருந்திருந்தால் அன்றைக்கு அவரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது.

அவர் எதை விட்டுவிட்டுப் போனார் என்பதைக் கட்டுரை 'முக்கியமான கண்டுபிடிப்பு' என்ற இரண்டு சொல்லோடு முடித்துக்கொண்டது. ஆசிரியை என்பதால் எனக்கு அது போதவில்லை. வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடும்: கோபால்டின் அணு நிறை 58.93, நிக்கலுக்கு 58.69. தனிம வரிசை அட்டவணையில் எடை கூடிய கோபால்ட் ஏன் முன்னால் நிற்கிறது? அட்டவணையை வகுத்த மெண்டலீவ் தனிமத்தின் குணத்தைப் பார்த்து அப்படி வைத்தார் என்றால் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எடைப்படி என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்பார்கள். நியாயமான சண்டைதான். மோஸ்லேக்கு முன்பு அணு எண் என்பது ரேஷன் கடையில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுக்கிற டோக்கன் மாதிரி. வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அது அணுக்கருவின் மின்னூட்டமாக இருக்கலாம் என்று வான் டென் புரோக் என்ற டச்சுக்காரர் ஊகித்திருந்தார். ஆனால் ஊகம் வேறு, அளந்து காட்டுவது வேறு.

அளந்து காட்டியவர் மோஸ்லே. அவருடைய கருவியைக் கரும்பலகையில் வரையும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். நீண்ட கண்ணாடிக் குழாய். உள்ளே சின்னத் தண்டவாளம். அதன்மேல் ஒரு குட்டி வண்டி, வண்டியில் வரிசையாகத் தனிமத் துண்டுகள். குழாயில் காற்றை வெளியேற்றுவது அந்தக் காலத்தில் பெரும்பாடு. ஒவ்வொரு தனிமத்துக்கும் திறந்து மூடிக்கொண்டிருந்தால் வேலை நகராது. அதனால் தூண்டிலுக்குப் பயன்படும் பட்டு நூலால் வண்டியை இழுத்து, கேத்தோடு கதிருக்கு (எலக்ட்ரான் கற்றைக்கு) நேரே துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். வெளிப்பட்ட எக்ஸ் கதிரைப் படிகத்தில் பட்டுத் தெறிக்கவைத்துப் புகைப்படத் தகட்டில் கோடுகளாகப் பதிவு செய்தார். கால்சியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்கள். துத்தநாகத்துக்கு அவர் வைத்தது பித்தளைத் துண்டு. தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், கோடுகள் படிக்கட்டு மாதிரி ஒரே பக்கமாக இறங்கின. எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே அளவில் ஏறியது. கோபால்டுக்கு 27-ஆம் படி, நிக்கலுக்கு 28. வரிசையைத் தீர்மானிப்பது எடை அல்ல, அணுக்கருவின் மின்னூட்டம். வகுப்பில் சண்டை தீர்ந்தது. மான்செஸ்டரில் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டிடம் இருந்தபோது தொடங்கிய இந்த வேலை வெளிவந்த 1913-இல் அவருக்கு வயது 26-ஐ ஒட்டி.

மறு ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அலுமினியம் முதல் தங்கம் வரை நீட்டிக்கொண்டு போனார். 43, 61, 75 ஆகிய மூன்று எண்களுக்கும் உரிய தனிமங்கள் இன்னும் அகப்படவில்லை என்று எழுதிவைத்தார். மூன்றும் பிற்பாடு வந்து சேர்ந்தன, அவர் பார்க்க இல்லை.

கலிப்போலிக்கு வருகிறேன். 38-ஆவது பிரிகேடில் அவர் சிக்னல் அதிகாரி. ஆகஸ்ட் 10 விடியற்காலையில் சுனுக் பாயிர் மலை முகட்டிலிருந்து துருக்கியத் தளபதி முஸ்தபா கெமாலின் துருப்புகள் பாய்ந்து இறங்கின. பிரிகேடின் தளபதி பால்ட்வின் அன்றே கொல்லப்பட்டார். மோஸ்லே களத் தொலைபேசியில் ஓர் உத்தரவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்தது. வயது 27. கல்லறை கிடையாது. கலிப்போலியில் உள்ள ஹெல்லஸ் நினைவுச்சின்னத்தில் 20,000-க்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கிறது. போர்க்களத்துக்குப் போன பிறகு எழுதிய உயிலில் தன் பணத்தையும் கருவிகளையும் ராயல் சொசைட்டிக்கு விட்டிருந்தார். திரும்பாமல் போகலாம் என்று தெரிந்தே இருந்தவர் அவர். 'அனுப்பப்பட்டார்' என்ற ஒரு சொல் இதையெல்லாம் அழித்து, அவரைப் பலியாடாக்கி நிறுத்திவிடுகிறது.

அவர் போனது சரி என்று நான் வாதாடவில்லை. படையில் சேரும் கோரிக்கையை அவர் கொண்டுவந்து கொடுத்தபோது, இவரை வைத்துச் செய்ய வேறு வேலை இருக்கிறது என்று ஒரு அதிகாரியாவது சொல்லியிருக்கலாம். அறிவியலாளர்களைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியாத ராணுவ ஏற்பாட்டை ரூதர்ஃபோர்டு 'நேச்சர்' இதழில் கடிந்து எழுதினார். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மோஸ்லேயின் மரணம் அறிவியலுக்கு எத்தனை பெரிய நட்டம் என்று கணக்குப் போடுகிற கட்டுரைகளைப் படித்தால், அன்று அதே சரிவில் செத்துக் கிடந்த மற்றவர்கள் குறைந்த விலைக்குப் போனவர்கள் என்பதுபோல் ஆகிவிடுகிறது. உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கூடவே இன்னொன்று. 43-ஆம் தனிமமான டெக்னீசியம் கண்டறியப்பட்டது 1937-இல். 1973 என்று வந்திருக்கிறது. அதை மட்டும் அச்சுப்பிழை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கும்பகோணம்