சொல்லின் நடுவில் வரும் எழுத்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் வாரந்தோறும் வரும் ஆங்கிலச் சொல் விளையாட்டின் விடைப்பட்டியல் குறித்து ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் சொற்களை மட்டுமே அப்பட்டியல் அகரவரிசையில் தருகிறது. அதே எழுத்துகள் நடுவிலும் இறுதியிலும் தொடர்ந்து வரும் சொற்களையும் தாங்கள் சேர்த்துத் தர வேண்டும்.

தெப்பக்குளத்தை அடுத்த எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு மாடியில் கூடி, எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடுகிறார்கள். சென்ற மாதம் ஒரு நாள், என், ஜி, எஸ், டி (N, G, S, T) என்னும் நான்கு எழுத்துகளும் இதே வரிசையில் அடுத்தடுத்து வரும் சொற்களைக் கேட்டேன். நான்கும் மெய்யெழுத்துகள் என்பதால் பிள்ளைகள் திகைத்தார்கள். அவற்றில் தொடங்கும் ஆங்கிலச் சொல் எதுவும் இல்லாததால் அகராதியைப் புரட்டியும் பயனில்லாமல் போயிற்று. பிறகு ஒரு சிறுமி ‘டங்ஸ்டன்’ என்றாள். மதுரை அருகே அரிட்டாபட்டியில் அந்த உலோகத்துக்காகத் திட்டமிட்ட சுரங்கத்தை எதிர்த்து மேலூர் வட்டார மக்கள் போராடத் தொடங்கியது முதல், 2025 ஜனவரியில் மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது வரை, எங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கிய சொல் அது. அது கிடைத்ததும் யங்ஸ்டர், கேங்ஸ்டர், அமங்ஸ்ட் என்று அடுத்தடுத்து வந்தன. மனக்கலக்கத்தைக் குறிக்கும் ஆங்ஸ்ட் என்பதை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். அகராதியிலோ இந்த ஐந்தும் ‘ஏ’ முதல் ‘ஒய்’ வரை சிதறிக் கிடக்கின்றன.

ஆட்டத்தில் ஒருவர் கையில் 7 எழுத்துக் காய்கள் இருக்கும். ஏழையும் ஒரே முறையில் வைத்துவிட்டால் 50 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். டங்ஸ்டன், கேங்ஸ்டர் இரண்டும் ஆங்கிலத்தில் 8 எழுத்துச் சொற்களாதலால், பலகையில் முன்பே கிடக்கும் ஓர் எழுத்தோடு கையிலுள்ள ஏழையும் சேர்க்க வழியுண்டு. எழுத்துகளைக் கொத்தாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அந்த வாய்ப்புத் தென்படும்.

மதுரை மிஷனில் பணியாற்றிய வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்று தொடையகராதி. செய்யுள் இயற்றுவோர்க்கு உதவ எதுகை நோக்கிச் சொற்களைத் திரட்டியது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டுமாதலால், முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு செல்லும் அகரவரிசை புலவர்களுக்குப் போதவில்லை. எங்கள் மாடிப் பிள்ளைகளுக்கும் அதே குறைதான்.

ஆகவே, வாரம் ஓர் எழுத்துத்தொடரை எடுத்து, முதலில் வருவன, நடுவில் வருவன, இறுதியில் வருவன எனப் பிரித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்ப் பொருளோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பொருள் அறியாமலேயே சொற்களை மனப்பாடம் செய்யும் வழக்கம் போட்டி ஆட்டக்காரர்களிடம் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு அது கூடாது என்பது என் உறுதியான கருத்து. அருகிலேயே தமிழுக்கும் ஒரு சிறு கட்டம் ஒதுக்கினால் மிகவும் மகிழ்வேன். ‘ண்டி’ என்று கொடுத்துப் பாருங்கள். எங்கள் பகுதிப் பிள்ளைகள் வண்டியூரில் தொடங்கி, பாண்டி கோயில், ஆண்டிபட்டி, தூண்டில் என்று எழுதி அனுப்புவார்கள். இடம் போதாவிட்டால் விடைகளை மறுவாரம் வெளியிடலாம், அவர்கள் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தெப்பக்குளம், மதுரை.