நாலாம் மாடியில் அழுவது எங்கள் மகன்தான்: வெள்ளவத்தை அயலவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அயலவர்களே,

இரவு பதினொன்று தொடக்கம் இரண்டரை வரை உங்கள் நித்திரையைக் கெடுப்பவனுக்கு இன்றைக்கு 39 நாள். லிஃப்டில் என்னைக் கண்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறீர்கள். பால் காணாது. வயிற்றுக்குத்து. நாவூறு. ஒருவர் கிரைப் வாட்டர் போத்தலையே தந்துவிட்டுப் போனார், வசம்பும் வந்து சேர்ந்தது. நாக்கில் தேன் தடவச் சொன்ன மாமிக்கு மட்டும் இங்கேயே பதில்: ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பிஞ்சுக் குடலில் பெருகி, நரம்பைத் தாக்கும் நஞ்சைக் கக்கும்.

பால் காணும். போன கிழமை மருத்துவமாது வந்து நிறுத்துப் பார்த்தார், நிறை ஏறித்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறேழு தரம் சலம் போகிறான். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், இந்த வயதில் ஒரு நிமிடமும் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதும் தெரியும். டொக்டர் சொன்னது இதுதான்: இரண்டாம் கிழமையிலிருந்து கூடும் அழுகை ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போகும், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்கும். நல்ல சுகமான பிள்ளைகளும் இப்படி அழுவார்களாம். ஆக, நாங்கள் இப்போது உச்சியில் நிற்கிறோம்.

இனி முந்தநாள் கதை. பிள்ளையைக் கதற விட்டுவிட்டுத் தாய் பல்கனியில் காற்று வாங்கினாளாம். உண்மைதான், வாங்கினேன். இரண்டு மணித்தியாலமாகத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒரு கட்டத்தில் கை நடுங்கத் தொடங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் பிள்ளையைப் பிடித்து ஒருதரம் உலுக்கினாலே மூளையில் இரத்தம் கசியலாம். பொறுமை அப்படி எல்லை கடந்தால், உலுக்கிவிடாமல் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே போ என்றுதான் வார்டில் சொல்லித் தந்தார்கள். போனேன். கடலைப் பார்த்தபடி நானும் அழுதேன். அது உங்கள் ஜன்னலுக்குத் தெரிந்திருக்காது.

அம்மா 31ஆம் நாள் துடக்குக் கழிந்ததும் யாழ்ப்பாணம் போய்விட்டார், அப்பாவுக்கு ஏலாது. இவருக்கோ மூன்றாம் நாளே வேலை. அரசாங்க உத்தியோகம் என்றால் தகப்பனுக்கு மூன்று நாள் லீவாவது உண்டு. தனியார் கம்பனிக்காரருக்குச் சட்டத்தில் அதுவும் இல்லை.

சீலிங்கில் தும்புத்தடியால் இடிக்கும் மூன்றாம் மாடி அண்ணை, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அவன் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் இடிக்கிறீர்கள். விடியப்புறம் முதல் கோச்சி போகும்போது அழுகையை நிறுத்திக் காது கொடுப்பான். தும்புத்தடிக்கு அந்த மரியாதை இல்லை.

காரணங்கள் போதும். யாருக்காவது மனம் இருந்தால் பின்னேரம் ஐந்து மணிக்கு வாருங்கள். கையைக் கழுவிவிட்டு அரை மணித்தியாலம் அவனைத் தூக்கி வைத்திருங்கள். நான் ஹோலிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிடுவேன், தேத்தண்ணி தரவில்லை என்று குறை நினைக்காதீர்கள். கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும். பெல் மட்டும் அடிக்கவேண்டாம்.

நாலாம் மாடித் தாய்