கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

கம்பம், கூடலூரிலிருந்து குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அக்கா தங்கைகளுக்கு: 30 வயது தாண்டியவர்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான இந்தப் பரிசோதனையை 5 வருடத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் நாளில் வர வேண்டாம்; ரத்தப்போக்கு இருந்தால் சரியாகத் தெரியாது. பரிசோதனைக்கு முந்தைய 2 நாள் உள்ளே மருந்து வைப்பது, கழுவுவது, தாம்பத்தியம் எதுவும் கூடாது.

கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பதுதான்) தடவி, 1 நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை, அழற்சியிலும் வெளுக்கும். ஆனால் மேல் பரிசோதனைக்கு அனுப்பினால், ஒருநாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி என்ற கிருமி பெரும்பாலும் 2 வருடத்துக்குள் தானாகப் போய்விடும். போகாமல் தங்கினால்தான் ஆபத்து.

மாதவிடாய் நின்றபின்போ உறவுக்குப் பின்போ ரத்தம் பட்டால் பரிசோதனை முகாமுக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.